வெளித்தாள் எனக்கு, உள்தாள் உனக்கு

கிருமாம்பாக்கம்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

விஜயா எழுதுவது. கடிதத்தை ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டும். எட்டாவது வரை படித்ததில் எனக்கு மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான். இப்போது அதை எழுதக் கை வரவில்லை. நீயும் நலமில்லை, நானும் நலமில்லை. வெண்ணிலா போனதில் அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே அளவு துக்கம் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். “பெத்தவளுக்கும் வளத்தவளுக்கும் ஒரே வலிதாம்மா” என்று உன் எதிர்வீட்டுக்காரி என் தோளைத் தட்டினாள்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு நிமிடம் பேசுகிறோம். மூன்றாவது நிமிடம் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உன்னால் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நோட்டு விஷயம். பதினாறாம் நாள் அவள் சாமான்களை நடுவீட்டில் பரப்பிப் பங்கு போட்டோமே, அப்போது அவள் கதை எழுதி வைத்திருந்த நீள நோட்டை நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறுபடி பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பேன். தமிழ்க்குமரன் மாமாதான் நடுவில் வந்தார். “இன்னாத்துக்குடி ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க? தோ, பின்னைக் கழட்டினா தாளு. ஆளுக்குப் பாதி.” மொத்தம் இருபத்துநாலு தாள். மேலே இருந்த பன்னிரண்டு எனக்கு, அடியில் இருந்த பன்னிரண்டு உனக்கு. அது நடுவில் மடித்த தாள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மடித்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. வெளித்தாள் எனக்கு வந்திருக்கிறது, உள்தாள் உனக்கு. அதாவது நோட்டின் ஆரம்பமும் கடைசியும் என்னிடம். நடு முழுக்க உன்னிடம்.

இந்த நாலு மாதமாக அதைத் தொட முடியவில்லை. போன வாரம்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்: ‘எல்லாரும் எல்லாவற்றிலும் சமமாக இருக்கும் ஊர் நல்ல ஊரா, கெட்ட ஊரா?’ காலேஜில் போட்டியாம். வரப்போகிற காலத்தில் உலகம் எப்படிக் கெட்டுப்போகும் என்று கற்பனை செய்து எழுத வேண்டுமாம். இவள் சமனூர் என்று ஓர் ஊரைக் கட்டியிருக்கிறாள். அங்கே எல்லா வீடும் ஒரே உயரம். சோறு ஒரே அளவு. மழை ஒருத்தன் வயலில் கூடப் பெய்துவிடக் கூடாது என்று ஊருக்கே கூரை போட்டு, தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள். மாம்பழத்தை முழுசாக யாரும் தின்னக் கூடாது. ஒரு பழம் போல இன்னொன்று இனிக்காது அல்லவா? அதனால் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் பிழிந்து, ஆளுக்கு ஒரு டம்ளர். வயலில் களை பிடுங்க மாட்டார்கள். பயிரும் களையும் சமமாம். அந்த இடத்தில் மட்டும் நான் சிரித்துவிட்டேன். செத்துப்போன பிள்ளை எழுதியதைப் படித்துச் சிரித்தேன் அக்கா.

மற்றபடி எனக்கு அது நல்ல ஊராகத்தான் தெரிகிறது. எல்லாருக்கும் வீடு, எல்லாருக்கும் சோறு. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

கதையில் வருகிற பெண் பேர் அல்லி. என் தாள் இப்படி நிற்கிறது: ‘அல்லி அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். விரலில் பட்டது’. அதற்குமேல் உன்னிடம். என்ன பட்டது என்று எழுது. கடைசிப் பக்கங்களை நான் இன்னும் படிக்கவில்லை. நடுவைத் தெரிந்துகொண்டு படிக்கலாம் என்று வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லாதே. என்னுடையது பொத்தான் போன்.

ஆதிமூலம் மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கச்சி
விஜயகுமாரி


அரியூர்
14.3.2025

தங்கச்சி விஜயாவுக்கு,

உன் கடிதம் வந்தது. “இந்தக் காலத்துல கூட லட்டர் போடுறாங்களா?” என்று தபால்காரர் பிரிட்டோ ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உன் மாமா ரிட்டையர் ஆனதிலிருந்து வீட்டிலேயே இருக்கிறார். டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். அவள் அறையை நான் இன்னும் பெருக்கவில்லை. பெருக்கினால் முடி வந்துவிடும் என்று பயம். சீப்பைத்தான் பங்கு போட்டு நீ எடுத்துப் போய்விட்டாய்.

நல்ல ஊர் என்கிறாயே, நடுவைப் படித்திருந்தால் அப்படி எழுத மாட்டாய். சமனூரில் குழந்தைகள் மாதம் ஒரு வீடு மாற வேண்டும். எந்தப் பெண்ணுக்கும் தனிப் பிள்ளை கிடையாது. ஒருத்திக்குப் பிள்ளை இருந்து ஒருத்திக்கு இல்லாமல் போனால் அது சமம் இல்லையாம். (இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் திறந்தேன்.) மாதக் கடைசியில் பிள்ளை தன் துணியை மூட்டை கட்டி அடுத்த வீட்டுக்குப் போகும். விட்டவள் அழக் கூடாது, வாங்கியவள் சிரிக்கக் கூடாது. அளவர் என்று சிலர் இருக்கிறார்கள், அதைப் பார்ப்பதற்கென்றே. அந்த ஊரில் திருட்டு இல்லை, அடிதடி இல்லை. ஒரே ஒரு குற்றம்தான் உண்டு. ஓரவஞ்சனை. யாருக்காவது யாரையாவது கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டால் குற்றம்.

அல்லியை ஒருத்திக்கு அப்படிப் பிடித்துப் போகிறது. எல்லா வீட்டிலும் சடையை ஒன்பது பின்னலோடு நிறுத்த வேண்டும். இவள் மட்டும் பத்தாவதாக ஒரு பின்னல் போட்டு விடுகிறாள். யார் கண்ணிலும் படாத ஒரு பின்னல். அல்லிக்கு மட்டும் தெரியும். விஜயா, பதினாலு வருஷம் அவளுக்குத் தலை வாரினவள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது கெட்ட ஊர். நரகம் என்றே சொல்வேன். கடைசி உன்னிடம்தானே இருக்கிறது? அல்லி என்ன ஆகிறாள்? எழுது.

மஞ்சுளா


கிருமாம்பாக்கம்
25.3.2025

அக்காவுக்கு,

சடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அரிசிப் பானைக்குள் விரலில் என்ன பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. நான் அதைத்தானே கேட்டேன்? உன்னைத் தெரியும் எனக்கு. சின்ன வயதில் அம்மா நமக்கு வாங்கி வரும் முறுக்கில் உடைந்ததை எனக்குக் கொடுத்துவிட்டு, “எண்ணிக்கை சரியா இருக்குதா இல்லியா?” என்று கேட்டவள்தானே நீ.

நரகம் என்கிறாய். மாடியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் கேட்கிறேன், நம் இரண்டு பேர் வீடும் ஒரே மாதிரி இருந்திருந்தால் நான் ஏன் ஆறு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து உன் வீட்டில் விடப் போகிறேன்? உன் வீட்டுக்குக் கரண்டு வேலைக்காரர் சம்பளம் வந்தது. இங்கே குத்தகை நிலம், கரும்பு வெட்டு, மழை வந்தால் தலைமாட்டில் குண்டான். “உனக்கு அடுத்தது ஒண்ணு பொறக்கும்டி, இத எங்கிட்ட வுடு, நல்லாப் படிக்க வெக்கிறேன்” என்று சொன்னாய். அடுத்தது பிறக்கவில்லை. அன்றைக்கு இரண்டு பஸ் மாறி உன் வாசலில் இறங்கினபோது அவள் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். நீ பேன் காற்றைக் காட்டி உள்ளே கூப்பிட்டாய். பிடி விட்டது. பிடியை விட்டது அவள்தான், நான் இல்லை. அந்தப் பேன் என் வீட்டிலும் இருந்திருந்தால்?

அட்டையில் அவள் கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான். நல்ல ஊர். களை கிடந்தாலும் பரவாயில்லை.

மாதம் ஒரு வீடு மாறினால் அழக் கூடாது என்று இருக்கிறதாமே. நான் அழாமல்தான் விட்டேன். நீ சிரித்துக்கொண்டுதான் வாங்கினாய். சமனூராக இருந்தால் உன்னைத்தான் அளவர் பிடித்திருப்பார்கள்.

கடைசி என்னிடம்தான் இருக்கிறது. படித்துவிட்டேன். அல்லி என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், ஒரு பேச்சுக்குக் கட்டுப்பட்டால். ஆடி வருகிறது. வருஷம் திரும்பாவிட்டாலும் கன்னியாகப் போனவளை முதல் ஆடியில் பூவாடைக்காரியாக வீட்டுக்கு அழைத்துப் படைப்பது நம் வகையறா வழக்கம். ஒரே வீட்டுக்குத்தான் அழைக்க வேண்டும், அழைத்த வீட்டிலேயே அவள் தங்கிவிடுவாள். சாமானைப் பங்கு போட்டதுபோல இதைப் போட முடியாது. என் வீட்டுக்கு அழைக்கிறேன். சரி என்று எழுது. மறு தபாலில் முடிவைச் சொல்கிறேன்.

விஜயா


அரியூர்
9.4.2025

விஜயா,

மாம்பழம். போதுமா? விரலில் பட்டது மாம்பழம். ஒருத்தி அல்லிக்காக ஒரு பழத்தைத் தொட்டிக்குக் கொடுக்காமல் அரிசிக்குள் ஒளித்துப் பழுக்க வைத்திருக்கிறாள். நீ வருஷா வருஷம் சித்திரையில் உன் கொல்லை மரத்துப் பழத்தை அரிசி மூட்டைக்குள் வைத்து பஸ்ஸில் கொடுத்து அனுப்புவாயே, அது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எழுதக் கூடாது என்று இல்லை. எழுத மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

முறுக்கை இழுத்தாய். நானும் இழுக்கட்டுமா? பதினாலு வருஷத்தில் அவளுக்கு அம்மை போட்டபோது யார் வேப்பிலையால் விசிறினது? பெரியவளானபோது யார் பக்கத்தில் இருந்தது? நீ மறுநாள் பலகாரத் தட்டோடு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாய். எல்லாரும் “அம்மா வந்துட்டா” என்று என்னை வழி விடச் சொன்னார்கள். என் வீட்டில், என்னை.

சமனூர் வேண்டும் என்கிறாயே, கணக்குப் போடத் தெரியுமா? அங்கே அவள் மாதம் ஒரு வீடு. ஊரில் அறுபது வீடு என்று எழுதியிருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு ஒரு மாதம் உன் முறை வரும். அவளுடைய இருபது வயதில் உனக்கு நாலு மாதம். அதற்கு ஆசைப்படுகிறாயா? உனக்கு வேண்டியது சமம் இல்லைடி. நான் நிற்கிற படியிலிருந்து என்னை இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது என் தாளில். சமனூரில் ஒருத்தர் சாகக் கிடந்தால் மணி அடிப்பார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சேதி. செத்தபிறகு ஊரே ஒரு மணி நேரம் அழ வேண்டும். பெற்றவள், பக்கத்து வீட்டுக்காரி, பால் ஊற்றுகிறவள் எல்லாருக்கும் அதே ஒரு மணி நேரம். மறுபடி மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். பதினாறாம் நாள் நீ மாரில் அடித்துக்கொண்டு அழுதாய், உன்னைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் அடுக்களையில் சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை.

படையல் இங்கேதான். அவள் புழங்கின வீடு இது. இங்கே அழைத்தால்தான் வழி தெரிந்து வருவாள்.

கதை இங்கே நிற்கிறது. பத்தாவது பின்னலையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், மாங்கொட்டையையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அல்லியை மண்டபத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டு பெண்களும் எதிரில். ‘இவர்களில் உனக்கு யாரைக் கூடப் பிடிக்கும்?’ என்று அளவர் கேட்கிறார். அடுத்து என்ன என்று நீதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போ.

மஞ்சுளா


கிருமாம்பாக்கம்
28.4.2025

அக்காவுக்கு,

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. உனக்குத் தெரியத்தான் வேண்டும்.

அல்லி மண்டபத்தில் நிற்கிறாள். அளவர் கேட்கிறார். சடை பின்னினவளை ஒரு தரம் பார்க்கிறாள். அவள் நல்லவள்தான், அதில் குறை இல்லை. அப்புறம் மாம்பழம் கொடுத்தவளைப் பார்க்கிறாள். அவள் களை வெட்டுகிற இடத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள், கையில் சேறு காயவில்லை. அல்லி விரலை நீட்டி, ‘இவள்தான். முதலிலிருந்தே இவள்தான்’ என்கிறாள். ஊரே வாயைப் பொத்திக்கொள்கிறது. அல்லியையும் அவளையும் கூரைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வெளியே மழை பெய்கிறது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஒரு மாமரம் நிற்கிறது. ஒரு பழம் புளிக்கிறது, ஒரு பழம் தேனாக இருக்கிறது. அந்தத் தேன் பழத்தை அவள் அல்லிக்குக் கொடுக்கிறாள். அல்லி அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். அப்புறம் விடவே இல்லை.

அவ்வளவுதான். முற்றும் என்று போட்டிருக்கிறாள், அவள் கையெழுத்தில்.

உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். நான் என்ன செய்ய முடியும்? பிள்ளை எழுதினது. இனிமேல் படையல் எங்கே என்று நீயே சொல்.

விஜயா


அரியூர்
15.5.2025

விஜயாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். உன் மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். “கடைசி நல்லாக்கீது” என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்த பேச்சு.

ஆனால் விஜயா, அது அவள் எழுதினது இல்லை. களைகூடப் பிடுங்காத ஊரில் களை வெட்டுகிறவள் எங்கிருந்து வந்தாள்? சமனூரில் பயிரும் களையும் சமம் என்று நீதானே முதல் கடிதத்தில் எனக்கு எழுதினாய்.

அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவள் நோட்டை முடிக்கவில்லை. எழுத்து என் தாளிலேயே நின்றுவிட்டது, அறுபத்தோராம் பக்கத்தில், பாதியில். ‘உனக்கு யாரைக் கூடப் பிடிக்கும்?’ என்று அளவர் கேட்டதோடு சரி. கீழே கோடு மட்டும்தான். எனக்கு மீதி இருப்பதே வெற்றுத்தாள் என்றால், எனக்கும் பின்னால் வருகிற உன் தாளில் என்ன இருக்கும்? முதல் நாளிலிருந்தே தெரியும் எனக்கு. சொல்லியிருக்கலாம். நீ எவ்வளவு தூரம் போகிறாய் என்று பார்க்க நினைத்தேன். அதுவும் பொறாமைதான். உனக்காவது பொய் சொல்ல ஒரு வெற்றுத்தாள் கிடைத்தது.

அறுபத்தோராம் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறாள். காய்ச்சல் வந்த சனிக்கிழமை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். இதைச் சொன்னால் நீ என் வாசலை மிதிக்க மாட்டாய். சொல்லாமல் இருந்தால் ஆடியில் அவளை அழைக்க எனக்கு வாய் வராது. உனக்குப் புதன்கிழமை காலையில் போன் செய்தேன். நீ வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவு இல்லை. வியாழக்கிழமை போய்விட்டாள். ‘திடீரென்று முற்றிவிட்டது’ என்று உன்னிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் திங்கட்கிழமையே அவள் கேட்டாள். “பெரிம்மா, அம்மாவ வரச் சொல்லேன்.” நல்ல நினைவோடு கேட்டாள். நான், “சும்மா காய்ச்சல்தாண்டி, அவ நடவு வேலைய வுட்டுட்டு வருவாளா?” என்றேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டாள். கஞ்சி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நீ வந்தால் அவள் உன் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பெரியவளானபோது நடந்ததுபோல நான் எழுந்து இடம் விட வேண்டும். இன்னும் இரண்டு நாள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். சாவாள் என்று நினைக்கவில்லை. கடவுள் சத்தியமாக நினைக்கவில்லை.

அவள் எழுதின ஊரில் இது ஒன்றுதான் குற்றம். அதைச் செய்தவள் நான்.

மஞ்சுளா


அரியூர்
20.6.2025

விஜயாவுக்கு,

பதில் இல்லை. பிரிட்டோ தெருவில் போகும்போதே கையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். திட்டியாவது எழுது. உன் வீட்டுக்காரர் அரங்கநாதன் தம்பிக்கே போன் செய்தேன். “அது காலைல வயலுக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருது அண்ணி, யார்கிட்டயும் பேசறதில்ல” என்றார்.

படையலை நீயே வைத்துக்கொள். நான் கேட்க மாட்டேன். என் பன்னிரண்டு தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பு பார்த்து உள்ளே வைத்துத் தைத்துக்கொள்.

மஞ்சுளா


கிருமாம்பாக்கம்
12.7.2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் எழுதியிருக்கிற தாளைத் திருப்பிப் பார். கோடும் ஓரச் சிவப்பும் தெரிகிறதா? அவள் நோட்டின் கடைசித் தாள் இது. நீ சொன்னது சரி. என்னிடம் பின்பக்கம் இருந்த பன்னிரண்டும் வெறும் தாள். முற்றும்கூட இல்லை. முதல் கடிதம் எழுதியபோதே எனக்குத் தெரியும். உனக்கு நடு இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்தபிறகு உன்னைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. பேனாவைத் தொடாமல் வயலுக்கும் வீட்டுக்குமாக இருந்தேன். திங்கள், செவ்வாய். அந்த இரண்டு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? முத்து மேஸ்திரி கரணை வயலில் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கரையில் உட்கார்ந்து சோறு தின்றேன். யாரோ சொன்ன பேச்சுக்குச் சிரித்தேன். அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சமனூரில் மணி அடித்திருக்கும் அக்கா. திங்கட்கிழமையே அடித்திருக்கும். உன் காதிலும் என் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும். அந்த மணி ஒன்றுக்காக நான் அந்த ஊரில் குடியிருப்பேன். களை கிடக்கட்டும், மாம்பழத்தைப் பிழியட்டும். அந்த ஊர் கெட்டது என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இப்படி ஒரு மாதம் நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் நீ அனுப்பின தாள்களை உள்ளே வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். முதலிலிருந்து படித்தேன். மணி அடித்து ஊரே ஓடி வருகிற இடம் வந்தது. அறுபது வீட்டுப் பெண்களும் கட்டிலைச் சுற்றி வரிசையாக நிற்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நின்று பார்த்தேன். முப்பதாவதோ நாற்பதாவதோ ஆளாக. எனக்கு முன்னால் நிற்பவள் நகர்ந்தால்தான் நான் நகர முடியும். என் முறை வந்ததும் மற்றவர்கள் தொட்டதுபோலவே நெற்றியைத் தொட்டுவிட்டு நகர வேண்டும். என்னால் முடியவில்லை அக்கா. முன்னால் நிற்கிற எல்லாரையும் தள்ளிவிட்டேன். உன்னையும் தள்ளினேன். உன்னைத்தான் முதலில் தள்ளினேன்.

அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. நீ இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால், இரண்டு நாள் என்ன, உனக்கு நான் போனே செய்திருக்க மாட்டேன்.

மன்னிக்கவில்லை. அதை எதிர்பார்க்காதே. அந்த இரண்டு நாள் என் மேல் கடைசி வரைக்கும் இருக்கும், உன் மேலும் இருக்கட்டும்.

அட்டையில் அவள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவிடுகிறேன். சோறும் வீடும் பேன் காற்றும் சேதியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேண்டும். அதில் எவன் கூடக் கேட்டாலும் சண்டை போடுவேன். ஆனால் அவள் எனக்குச் சமமாக வேண்டாம். எனக்குக் கூட வேண்டும். உனக்குக் குறைய வேண்டும். நாலு பேர் எதிரில் இதைச் சொன்னால் காறித் துப்புவார்கள். உன்னிடம் சொல்லலாம். நீயும் அப்படித்தான் கேட்டிருப்பாய்.

ஆடி மூன்றாம் வெள்ளி, ஆகஸ்ட் ஒன்று. இங்கே என் வீட்டுக்குத்தான் அழைக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிடுவது நான். கன்னிக்குச் சித்தாடைதான் வைக்க வேண்டும் என்கிறார் தமிழ்க்குமரன் மாமா. அவள் சுடிதார் தவிர வேறு எதைப் போட்டாள்? சுடிதார்தான். கலர் நீ பார்த்து எடுத்து வா. அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குத் தெரியாது.

கலசத்துக்கு அடியில் பரப்புகிற அரிசிக்குள் ஒரு மாம்பழம் வைப்பேன். கொல்லை மரத்தில் கடைசியாக ஒன்று தொங்குகிறது.

பங்கு குறைவு என்று ஒத்துக்கொண்டால் வா. சமம் என்று நினைத்துக்கொண்டு வராதே. பதில் எழுத அவள் நோட்டிலிருந்தே ஒரு தாள் வைத்திருக்கிறேன். மீதி பத்து இருக்கிறது.

விஜயா


அரியூர்
19.7.2025

விஜயா,

தாள் கிடைத்தது. இதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுத்து கோட்டுக்கு வெளியே போகிறது.

சுடிதார் எடுத்துவிட்டேன். மாம்பழ மஞ்சள். தன் முகத்துக்கு அதுதான் எடுக்கும் என்பாள். நேற்று அறையைப் பெருக்கினேன். முடி வந்தது. மடித்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கலசத்துக்குப் பூ சுற்றுவதை எனக்கு விடு. நீ சுற்றினால் தளர்ந்துவிடும். ஒன்பது சுற்றோடு நிறுத்திவிடுகிறேன்.

முதல் பஸ்ஸுக்கே கிளம்பி, குறைவாகவே வருகிறேன்.

மஞ்சுளா